தாளம் தப்பும் இதயம்: முன்கூட்டி அறிய முடியுமா?



"மாரடைப்பு வந்தது, பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கும் வந்துவிட்டார். பதினைந்தாம் நாள் காலையில் காப்பி குடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார்." இப்படியொரு பேச்சை உங்கள் ஊரிலும் நீங்கள் கேட்டிருப்பீர்கள். எங்கள் மேல்மலையனூர், செஞ்சிப் பக்கத்தில் இதைக் கேட்பவர்கள், "யாருக்கும் தொந்தரவு இல்லாத நல்ல சாவு" என்று ஆறுதல் சொல்லிக்கொள்வார்கள்.

ஆனால், உள்ளே நடந்தது என்னவென்று சற்று எண்ணிப் பாருங்கள். அவருடைய இதயத் தசையில் ஒரு பகுதி மட்டுமே செத்திருந்தது. மிச்சமிருந்த தசை இன்னும் பத்து ஆண்டுகள் உழைக்கக் கூடியதாக இருந்திருக்கலாம். தசை ஓய்ந்துவிடவில்லை, தசையை ஆட்டிவைக்கும் மின்துடிப்பின் ஒழுங்கு குலைந்துவிட்டது. சில வினாடிகளில் மூளைக்கு இரத்தம் நின்றது. சில நிமிடங்களில் உயிரும் நின்றது. ஆகவே, இதை 'நல்ல சாவு' என்று விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் முன்பே, "இவருக்கு இப்படி நேரக்கூடும், அவருக்கு நேராது" என்று பிரித்துச் சொல்ல முடியாதா? மருத்துவர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தக் கேள்வியோடு மல்லாடி வருகிறார்கள். இதில் பாதிக்கு மேல் இயற்பியல் என்பதால்தான், இயற்பியல் ஆசிரியனாகிய நான் இதை உங்களிடம் எடுத்து வருகிறேன்.

புல்வெளித் தீ

இதயத்தின் மேலறைகள் இரண்டு, கீழறைகள் இரண்டு என்பதும், வலது மேலறையில் உள்ள சைனஸ் கணு என்னும் சிறு திசுவே துடிப்பைத் தொடங்கி வைக்கிறது என்பதும் உங்கள் பாடப் புத்தகத்தில் உள்ளவை. அங்கே எழும் மின்துடிப்பு மேலறைகளில் பரவி, நடுவில் ஒரு கணம் தாமதித்து, பிறகு கீழறைகள் முழுவதும் பாய்கிறது. அது எப்படிப் பாய்கிறது என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

செப்புக் கம்பியில் மின்சாரம் செல்வதுபோல என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு தசைச் செல்லும் ஒரு சிறு மின்கலம். ஓய்வில் இருக்கும்போது செல்லின் உட்புறம், வெளிப்புறத்தைவிடச் சுமார் 90 மில்லிவோல்ட்டு குறைவான அழுத்தத்தில் இருக்கும். பக்கத்துச் செல் தூண்டியதும் சவ்வில் உள்ள சோடியம் வாயில்கள் திறந்து, அயனிகள் உள்ளே பாய்ந்து, உட்புறம் சற்று நேர் அழுத்தமாக மாறிவிடும். இந்த மாற்றம் அடுத்த செல்லைத் தூண்டும். அது அதற்கடுத்ததைத் தூண்டும். கோடைக்காலத்தில் மலைச்சரிவில் காய்ந்த புல் தீப்பற்றிப் பரவுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதுதான் இதற்குச் சரியான உவமை. எரிந்து முடிந்த புல் உடனே மறுபடி எரியாது. அதுபோலவே, ஒருமுறை கிளர்ச்சியடைந்த செல் சிறிது நேரத்துக்கு எந்தத் தூண்டுதலையும் ஏற்காது. அந்த நேரத்தை 'மறுப்புக் காலம்' என்று சொல்வோம். எதிரெதிரே வரும் இரண்டு தீக்கோடுகள் சந்தித்தால் இரண்டும் அணைந்துவிடும். அவற்றுக்கு முன்னே எரிய ஒன்றும் இல்லை. இதயத்தில் ஒவ்வொரு துடிப்பும் இவ்வாறே எல்லாப் பக்கமும் பரவி முடிந்து, தானே அணைகிறது.

இப்போது ஒரு கற்பனை. எரிந்த சில நிமிடங்களிலேயே மீண்டும் முளைத்துக் காய்ந்துவிடும் அதிசயப் புல் ஒன்று, செஞ்சி மலையடிவாரத்தில் ஒரு பெரும் பாறையைச் சுற்றி வளர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பாறையின் ஓரத்தில் ஓரிடத்தில் தீ வைத்தால், அது இடமும் வலமுமாகச் சுற்றிப் பின்பக்கம் சந்தித்து அணையும். ஆனால், வலப்பக்கத்துப் புல் மட்டும் அப்போது ஈரமாக இருந்தால்? தீ இடப்பக்கமாக மட்டும் கிளம்பும். பாறையைச் சுற்றி அது வருவதற்குள் ஈரப்புல் காய்ந்திருந்தால், அதன் வழியாகவும் கடந்து, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். அதற்குள் அங்கே புதுப்புல் முளைத்திருக்கும். பிறகென்ன? அந்தத் தீ யாரும் மூட்டாமலேயே ஓயாமல் கிரிவலம் வந்துகொண்டிருக்கும்!

ஜார்ஜ் ரால்ஃப் மைன்ஸ் என்ற இளம் ஆங்கில உடலியலார் இதைச் சோதனையாகவே செய்து காட்டினார். விலங்குகளின் இதயத்திலிருந்து வளையமாக வெட்டியெடுத்த தசையில், ஒரே திசையில் அலையைக் கிளப்பிவிட்டால் அது சுற்றிக்கொண்டே இருப்பதையும், வளையத்தை ஓரிடத்தில் அறுத்தவுடன் சுழற்சி நின்றுவிடுவதையும் 1913, 1914-ஆம் ஆண்டுக் கட்டுரைகளில் அவர் விவரித்தார். 1914 நவம்பரில், கனடாவின் மான்ட்ரியல் நகரில், தம் ஆய்வுக்கூடத்தில் கருவிகள் உடலில் பொருத்தப்பட்டு மயங்கிக் கிடந்த நிலையில் அவரைக் கண்டெடுத்தார்கள். அன்றே அவர் இறந்தார், வயது 28.

அலை சுற்றிவர ஒரு நிபந்தனை உண்டு. அலையின் வேகத்தை மறுப்புக் காலத்தால் பெருக்கினால், அலையின் 'தலை'யிலிருந்து 'வால்' வரை உள்ள நீளம் கிடைக்கும். சுற்றுப்பாதை அந்த நீளத்தைவிடக் குறுகியதாக இருந்தால், தலை தன் வாலையே முட்டி அலை அணைந்துவிடும். நலமான கீழறைத் தசையில் வேகம் வினாடிக்குச் சுமார் 50 செ.மீ.; மறுப்புக் காலம் ஏறக்குறைய 0.3 வினாடி. பெருக்கிப் பாருங்கள்: 15 செ.மீ. உங்கள் கைமுட்டி அளவே உள்ள இதயத்தில், நலமான தசைக்குள் 15 செ.மீ. நீளத்தில் ஒரு தனி வளையப் பாதை எளிதில் அமையாது. நாமெல்லாம் கவலையின்றி நடமாடுவது பெரும்பாலும் இந்தக் கணக்கின் தயவால்தான்.

தழும்புக்குள் ஒற்றையடிப் பாதை

மாரடைப்பு இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிடுகிறது. கரோனரித் தமனி ஒன்று அடைபட்டால், அது இரத்தம் ஊட்டிய தசை இறக்கிறது. வாரக்கணக்கில் அந்த இடம் நார்த் தழும்பாக மாறுகிறது. தழும்பு மின்னலையைக் கடத்தாது. அதுதான் நம் 'பாறை'. முழுக்கப் பாறையாக இருந்தால்கூடக் கெடுதல் குறைவு. தழும்பின் ஓரங்களில் சாகாமல் தப்பிய தசை இழைகள், நீர் நிறைந்த வயல்களுக்கு நடுவே வரப்புகள் போல வளைந்து நெளிந்து ஓடுகின்றன. தார்ச்சாலையில் விரைந்து சென்றவன் வரப்பில் இறங்கினால் என்ன வேகத்தில் போவான்? இந்த இழைகளில் அலையின் வேகம் வினாடிக்கு 10 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடுவதாகக் கொள்வோம். தலை முதல் வால் வரை நீளம் இப்போது 3 செ.மீ. மட்டுமே. தழும்பைச் சுற்றி 4 செ.மீ. பாதை இருந்தாலே போதும், அலை சுழலத் தொடங்கலாம். ஒரு சுற்றுக்கு 0.4 வினாடி, அதாவது நிமிடத்துக்கு 150 துடிப்பு. கீழறை விரைதுடிப்பு என்று மருத்துவர்கள் அஞ்சும் கோளாறில், நோயாளியின் இ.சி.ஜி. தாளில் உண்மையிலேயே இதையொத்த எண்களைக் காணலாம்.

இந்தச் சுழல் உடைந்து பல சிறு சுழல்களாகிவிட்டால் நிலைமை முற்றிவிடும். எங்கள் ஊர் அங்காளபரமேசுவரி கோயிலின் மாசித் தேரை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடித்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் இழுத்தால்தான் தேர் நகரும். ஆளுக்கொரு பக்கம், ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால், வியர்வை மட்டுமே மிச்சம். கீழறை நடுக்கத்தில் ஒவ்வொரு தசை இழையும் உழைக்கத்தான் செய்கிறது. ஒரு சொட்டு இரத்தமும் வெளியே போவதில்லை.

முதல் சில மணி நேரம் தனிக்கதை

ஒன்றைத் தெளிவுபடுத்திவிட்டுச் செல்கிறேன். மாரடைப்பு வந்த முதல் சில மணி நேரத்தில் வரும் கீழறை நடுக்கத்துக்குத் தழும்பு காரணமல்ல. தழும்பு உண்டாக நாளாகும். பிராணவாயு இல்லாமல் தவிக்கும் செல்களிலிருந்து பொட்டாசியம் கசிந்து, பக்கத்துப் பக்கத்துச் செல்களின் மின்நிலை ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போவதே அங்கு முக்கியக் காரணம். இந்நேரத்தில் யாருக்கு வரும் என்று கணித்துக்கொண்டிருக்க அவகாசமில்லை. எல்லாரையும் கண்காணிப்பதுதான் வழி. ஸ்காட்லாந்தில் பணியாற்றிய டெஸ்மண்ட் ஜூலியன் என்ற மருத்துவர், மாரடைப்பு நோயாளிகளை ஒரே கூடத்தில் படுக்கவைத்து, இ.சி.ஜி. கருவியால் இடைவிடாமல் கவனித்து, நடுக்கம் கண்டவுடன் மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும் என்று 1961-இல் எழுதினார். இன்றைய இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு அதுவே வித்து.

அந்த மின்னதிர்ச்சியின் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 100 மைக்ரோஃபாரடு மின்தேக்கியை 2000 வோல்ட்டுக்கு ஏற்றினால், அதில் சேரும் ஆற்றல் ½CV² = 200 ஜூல். இருபது கிலோ அரிசிச் சிப்பத்தை ஒரு மீட்டர் தூக்கும் ஆற்றல்தான் அது. ஆனால், அதை நூறில் ஒரு வினாடிக்குள் மார்பில் செலுத்தினால் திறன் 20 கிலோவாட். ஐந்து குதிரைத்திறன் பம்புசெட்டுகள் ஐந்து ஒன்றாக ஓடுவதற்குச் சமம்! எரியக்கூடிய புல் அனைத்தையும் ஒரே கணத்தில் எரித்துவிடுவது போன்றது இது. சுழல்கள் செல்ல வழியின்றி அணைகின்றன. சைனஸ் கணு மீண்டும் தன் தாளத்தைத் தொடங்குகிறது.

இந்த அதிர்ச்சி கிடைக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவக் கூட்டத்தில் ஒருவர் சாய்ந்தால், இந்தக் கணக்கு என்ன சொல்லும் என்று எண்ணிப் பாருங்கள். கருவி வந்து சேரும்வரை நெஞ்சின் நடுவே இரு கைகளால், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, சுமார் 5 செ.மீ. ஆழம் இறங்கும்படி அழுத்தினால், மூளைக்கு ஓரளவு இரத்தம் போய்க்கொண்டிருக்கும். பத்தாம் வகுப்பு மாணவர் இதைக் கற்றுக்கொள்ள முடியும், கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். 108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டில் 2008-இல் ஓடத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரைகளின் முதல் அளவைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் 'இதயம் காப்போம்' திட்டம் 2023-இல் வந்தது. சிறு மருத்துவமனைகளையும் அடைப்பு நீக்கும் வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளையும் இணைத்துத் தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2017-இல் வெளியாயிற்று. ஓராண்டுக்குள் இறந்தவர்களின் பங்கு, இணைப்பதற்கு முன் 17.6 விழுக்காடாக இருந்தது. இணைத்த பின் 14.2 ஆனது. அடைப்பைச் சீக்கிரம் திறந்தால் தசை பிழைக்கிறது. தசை பிழைத்தால் தழும்பு சிறிதாகிறது. ஆகவே, பின்னால் வரக்கூடிய தாளக் கோளாற்றுக்கும் இது மருந்து.

இனி நம் கேள்விக்குத் திரும்புவோம்.

பொறியை அணைத்தார்கள்

மாரடைப்பு வந்து தேறியவர்களின் இ.சி.ஜி.யில், ஒழுங்கான துடிப்புகளுக்கு நடுவே கீழறையில் தாமாகவே எழும் அகாலத் துடிப்புகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தென்படும். அமெரிக்க இயற்பியலறிஞரான நார்மன் ஹோல்ட்டர், உடலில் கட்டிக்கொண்டே நடமாடக்கூடிய இ.சி.ஜி. பதிவுக் கருவியை உருவாக்கிய பிறகு, ஒருநாள் முழுவதும் இவற்றை எண்ண முடிந்தது. அவருடைய முதல் கருவி 38 கிலோ எடை. முதுகில் சுமந்து திரிய வேண்டியிருந்தது! எண்ணிப் பார்த்ததில் ஓர் உண்மை புலப்பட்டது: அகாலத் துடிப்பு மிகுந்தவர்களே மிகுதியாக இறந்தார்கள்.

அடுத்த எண்ணம் யாருக்கும் தோன்றக் கூடியதே. அகாலத் துடிப்பு என்பது தீப்பொறி. பொறியை அணைத்துவிட்டால் தீ எப்படி வரும்? பொறியை அணைக்கும் மருந்துகளும் இருந்தன. என்கெய்னைடு, ஃபிளெக்கெய்னைடு என்ற அவற்றை மருத்துவர்கள் நம்பிக்கையோடு எழுதிக் கொடுத்துவந்தார்கள். உண்மையில் இவை உயிரைக் காக்கின்றனவா என்று பார்க்க அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு தொடங்கப்பட்டது. மருந்து கொடுத்தால் அகாலத் துடிப்பு அடங்குகிறது என்று உறுதி செய்யப்பட்டவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒரு சாராருக்கு மருந்தும் மறு சாராருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். எது யாருக்கு என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

1989-இல் ஆய்வின் இந்தப் பகுதியை அவசரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. சராசரியாகப் பத்தே மாதங்களில், வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேர் இறந்திருந்தார்கள். மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். பொறி அணைந்துதான் இருந்தது. தீ இரு மடங்குக்கும் மேல் பரவியிருந்தது!

ஏன் இப்படி? நாம் போட்ட கணக்கைக் கொண்டே ஒரு விளக்கம் சொல்லலாம். இம்மருந்துகள் சோடியம் வாயில்களை அடைத்துப் பொறியைக் குறைக்கின்றன. ஆனால், அலையைப் பரப்புவதும் அதே வாயில்கள்தாமே! ஏற்கெனவே வினாடிக்கு 10 செ.மீ. என்று ஊர்ந்துகொண்டிருந்த அலை 7 செ.மீ. ஆகக் குறைந்தால், தலை முதல் வால் வரை நீளம் 3 செ.மீ.யிலிருந்து 2.1 செ.மீ. ஆகிவிடும். முன்பு சுழல இடமில்லாத சிறு வளையங்களிலும் அலை இப்போது சுழலலாம். பொறி குறைந்தது, பாதைகள் பெருகின. மருத்துவ வரலாற்றில் இதைவிடக் கசப்பான பாடம் எனக்குத் தெரிந்து அதிகமில்லை. ஆபத்தைக் காட்டும் அடையாளம் ஒன்று, ஆபத்துக்குக் காரணம் வேறு. அடையாளத்தை அழித்தால் காரணம் அழியாது.

பாதையை அளப்பது எப்படி?

ஆகவே, அளக்க வேண்டியது தழும்பிலுள்ள பாதை. ஒரு வழி, வரப்பில் ஊர்ந்துவரும் அலையின் மெல்லொலியைக் கேட்பது. கீழறைகளின் பெரும்பகுதி கிளர்ந்து முடிந்த பிறகும், தழும்போர இழைகளில் அலை மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும் அல்லவா? அதன் குறி இ.சி.ஜி.யின் பெரிய அலை முடிந்தவுடன் வர வேண்டும். ஆனால், பெரிய அலை ஒரு மில்லிவோல்ட்டு அளவென்றால், இது சில மைக்ரோவோல்ட்டு மட்டுமே. மார்புத் தசையின் மின்னிரைச்சலே இதை மூழ்கடித்துவிடும். அமெரிக்கரான சிம்சன் 1981-இல் கையாண்ட முறையை மாணவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டும். சில நூறு துடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுப்பார்கள். குறி ஒவ்வொரு துடிப்பிலும் ஒரே இடத்தில் வருவதால் அப்படியே நிற்கும்; இரைச்சல் தாறுமாறானதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப இரைச்சல் குறையும். 300 துடிப்புகளுக்குச் சராசரி எடுத்தால், இரைச்சல் பதினேழில் ஒரு பங்காகிவிடும். பூகம்ப ஆய்வாளர்களும் விண்மீன் ஆய்வாளர்களும் கையாளும் அதே தந்திரம்!

இன்னொரு வழி, நரம்புகள் இதயத்தை எப்படி ஆள்கின்றன என்று பார்ப்பது. இதை நீங்களே செய்து பார்க்கலாம். மணிக்கட்டில் நாடி பிடித்துக்கொண்டு மெதுவாக, ஆழமாக மூச்சை இழுங்கள், பிறகு விடுங்கள். இழுக்கும்போது நாடி சற்று விரைவதையும் விடும்போது தணிவதையும் உணர்வீர்கள். கடிகாரம் போலத் துல்லியமாகத் துடிக்கும் இதயமே நல்ல இதயம் என்று நாம் நினைக்கிறோம். உண்மை அதற்கு நேர்மாறு. மாரடைப்புக்குப் பின் தேறிய 808 பேரை ஆராய்ந்து 1987-இல் வெளியிட்டார்கள். ஒருநாள் முழுவதும் துடிப்பு இடைவெளிகளின் திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டதில், அது 50 மில்லிவினாடிக்குக் கீழே இருந்தவர்கள், 100-க்கு மேல் இருந்தவர்களைப் போல 5.3 மடங்கு இறப்பு அபாயத்தில் இருந்தார்கள். ஆனால், எல்லாக் காரணங்களாலும் நேரும் இறப்பைக் குறித்த கணக்கு அது. தாளக் கோளாற்றை மட்டும் தனியே பிரித்துக் காட்டாது.

இன்று மருத்துவர்கள் முக்கியமாகக் கைக்கொள்வது மிக எளிய ஓர் எண்ணை. கீழறையில் நிறைந்த இரத்தத்தில் ஒரு துடிப்பில் எவ்வளவு வெளியே போகிறது என்பதே அது. 100 மி.லி.யில் 60 மி.லி. போனால் 60 விழுக்காடு, இது நலம். மாரடைப்புக்குப் பின் இது 30 என்று இறங்கினால், தழும்பு பெரிது என்று பொருள். 'எக்கோ' என்னும் ஒலியலைச் சோதனையில் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். 1980-இல் அமெரிக்காவில், மிஷெல் மிரோவ்ஸ்கி என்ற மருத்துவர் பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு உருவாக்கிய, உடலுக்குள்ளேயே பொருத்தும் அதிர்ச்சிக் கருவியை முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். இந்த எண் 30-க்கு மேற்படாதவர்களுக்கு அக்கருவியைப் பொருத்தினால் என்ன ஆகும்? 1,232 பேரிடம் நடத்திய ஆய்வின் விடை 2002-இல் வந்தது. சராசரி 20 மாதங்களில் கருவி இல்லாதவர்களில் 19.8 விழுக்காட்டினரும், கருவி உள்ளவர்களில் 14.2 விழுக்காட்டினரும் இறந்திருந்தார்கள். நல்ல பயன்தான். ஆனால், வித்தியாசம் 5.6 விழுக்காடு, அதாவது அந்தக் காலத்துக்குள் ஓர் உயிரைக் காக்க ஏறக்குறைய 18 பேருக்குக் கருவி பொருத்த வேண்டும். கருவியின் விலையோ லட்சங்களில்.

அப்படியானால் நம் திண்ணைக்காரருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து புறப்படும்போதே கருவியைப் பொருத்தியிருக்கலாமே என்பீர்கள். ஆபத்து மிகுதியாக இருப்பதும் முதல் மாதத்தில்தான் என்பதை 14,609 பேரைக் கொண்ட ஆய்வு 2005-இல் காட்டியது. அந்த மாதத்தில் திடீர்ச் சாவு 1.4 விழுக்காடு, இரண்டு ஆண்டுக்குப் பின் மாதத்துக்கு 0.14 மட்டுமே. ஆனால், 6-ஆம் நாள் முதல் 40-ஆம் நாளுக்குள் கருவி பொருத்திய ஆய்வு 2004-இல் வேறொன்று சொன்னது. தாளக் கோளாற்றால் இறந்தவர்கள் 29 பேரிலிருந்து 12 பேராகக் குறைந்தார்கள்; மற்றக் காரணங்களால் இறந்தவர்கள் 29-இலிருந்து 50 ஆனார்கள். மொத்தத்தில் கருவி இல்லாதவர்களில் 58 பேர், கருவி உள்ளவர்களில் 62 பேர். இதனால்தான் மருத்துவர்கள் பெரும்பாலும் 40 நாள் பொறுத்து, எக்கோவை மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறார்கள்.

கூட்டத்தைச் சொல்லும், ஆளைச் சொல்லாது

இத்தனை சோதனைகள் இருந்தும் ஏன் தடுமாற்றம்? இதற்கு விடை நிகழ்தகவுக் கணக்கில் இருக்கிறது. கணக்குக்காக நாமே சில எண்களை வைத்துக்கொள்வோம். மாரடைப்பிலிருந்து தேறிய 1000 பேரில் 50 பேருக்குத் தாளக் கோளாறு வரப்போகிறது. நம் சோதனை, வரப்போகிறவர்களில் நூற்றுக்கு 80 பேரைச் சரியாகப் பிடிக்கும். வராதவர்களில் நூற்றுக்கு 80 பேரைச் சரியாக விட்டுவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எண்ணிப் பாருங்கள்: 50-இல் 40 பேர் பிடிபடுவார்கள். மற்ற 950 பேரில் 190 பேரும் தவறாகப் பிடிபடுவார்கள். "ஆபத்து" என்று முத்திரை குத்தப்பட்ட 230 பேரில் உண்மையில் ஆபத்துள்ளவர் 40 பேரே, ஆறில் ஒருவர். தப்பவிட்ட பத்துப் பேர் "பயமில்லை" என்ற சீட்டோடு வீட்டுக்குப் போவார்கள். சோதனையில் குறை ஒன்றுமில்லை. தேடும் பொருள் அரிதாக இருப்பதே காரணம்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. திடீரென இறப்பவர்களில் பெரும்பாலோர், கீழறை ஓரளவு நன்றாகவே இயங்குகிறவர்கள். கீழறை மெலிந்தவர் 100 பேரில் 10 பேர் இறக்கிறார்கள், நன்றாக உள்ளவர் 900 பேரில் நூற்றுக்கு இருவர் வீதம் 18 பேர் இறக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால், இந்தப் புதிர் விளங்கிவிடும். ஆபத்து குறைந்த பெருங்கூட்டத்திலிருந்தே அதிகம் பேர் போகிறார்கள்.

ஒவ்வொருவரின் தழும்பையும் தனித்தனியே படமெடுத்தால் என்ன என்பது இப்போது நடக்கும் முயற்சி. காந்தப் புலத்தைக் கொண்டு படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவியில், செத்த தசையையும் அரைகுறையாகப் பிழைத்த ஓரத்தையும் பிரித்துப் பார்க்க முடிகிறது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடாலியா டிரயனோவாவின் குழுவினர், ஒவ்வொரு நோயாளியின் படத்திலிருந்தும் கணிப்பொறிக்குள் அவருடைய இதயத்தையே மாதிரியாகக் கட்டி, அதில் பல இடங்களில் பொறி வைத்து, அலை சுழல்கிறதா என்று பார்த்தார்கள். 41 பேரைக் கொண்ட இந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது; பழைய சுருக்க எண்ணைவிட இது நன்றாகவே கணித்தது. மைன்ஸ் ஆமையிலும் மீனிலும் தேடிய வளையத்தை, மனிதனைத் தொடாமலே தேடும் வழி இது. 41 பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

நம் நாட்டிலிருந்து வந்த பங்கையும் சொல்லியாக வேண்டும். சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அங்கு பணியாற்றும் இயற்பியலறிஞர் சிதாப்ர சின்ஹா, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ராகுல் பண்டிட், ஆஷ்வின் பாண்டே ஆகியோர் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்று 2001-இல் 'ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழில் வந்தது. பெரிய வயலில் சுழலும் அலை சிறு பாத்தியில் சுழல முடியாது என்பதை நாம் மேலே கண்டோம் அல்லவா? அவர்கள் கணிப்பொறித் தசையின்மீது கோடுகளாலான வலை ஒன்றை விரித்து, அந்தக் கோடுகளின் வழியே மட்டும் மிக மெல்லிய மின்துடிப்பைச் சிறிது நேரம் செலுத்தினார்கள். தசை சிறுசிறு பாத்திகளாகப் பிரிந்ததுபோல் ஆயிற்று. ஒவ்வொரு பாத்தியிலும் சுழல் இடமின்றி அணைந்தது. 200 ஜூல் இடி தேவைப்படவில்லை.

இது நோயாளிக்குப் பொருத்தும் கருவியல்ல, கணிப்பொறிச் சோதனையே. ஆனால், முன்கணிப்போடு இதற்கு நெருங்கிய உறவு இருப்பதாக நான் கருதுகிறேன். நம் கணக்கில் வீணாகப் பிடிபட்ட 190 பேரை ஏன் பெரிதாக நினைக்கிறோம்? கருவியின் விலை, அறுவை, விழித்திருக்கும்போது மார்பில் குதிரை உதைத்தாற்போல விழும் அதிர்ச்சி இவற்றால்தானே? நோயாளி உணராத அளவு மெல்லிய, மலிவான அதிர்ச்சி கைகூடினால், தவறாகப் பிடிபடுவதன் நட்டம் குறைந்துவிடும். அப்போது வலையை இன்னும் அகலமாக வீசலாம். "பயமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பப்படும் அந்தப் பத்துப் பேரும் வலைக்குள் வந்துவிடுவார்கள்.